மிருகம் கிடையாத மலை

நம் வயதுக்காரர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். முன்பக்கம் மூக்கு நீண்டு, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டிக் கட்டிய கித்தான் திரையோடு ஓடிய பஸ்ஸில் ஏறியவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறோம். முன்னால் ஒரு கம்பியைச் செருகிச் சுழற்றினால்தான் அதற்கு உயிர் வரும். பெட்ரோல் நெடியும் வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனையும் சேர்ந்து வயிற்றைக் கலக்கும். அந்தக் கலக்கத்தையே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது எனக்கு. ஒன்பதோ பத்தோ இருக்கும். இரண்டாம் உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை.

ஈஸ்டருக்கு எங்கள் குடும்பம் முழுவதும் திருவனந்தபுரத்தில் பெரியப்பா வீட்டில் கூடுவது வழக்கம். பெரியப்பா மராமத்து இலாகாவில் ஹெட் கிளார்க். வீடு பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பாடுகளின் வாரத்தில் நாங்கள் நாகர்கோவிலிலிருந்து போய் இறங்கும்போதே முற்றத்துக் கொன்றை மஞ்சளாகப் பூத்துத் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். சனிக்கிழமை ராத்திரி இளநீர் விட்டுப் புளிக்கவைத்த ஆப்ப மாவின் வாசனை வீட்டை நிறைக்கும். விடியற்கால ஆராதனைக்குப் போய்வந்து ஆப்பமும் கோழிக்கறியும் தின்றுவிட்டு, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அறையில் பாயை விரித்துப் போட்டு உருளுவோம். பெரியவர்களுக்கு அது பண்டிகை. எங்களுக்கு அது சித்தப்பா வரும் சமயம்.

சித்தப்பா என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தம்பி. மெட்ரிக் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர். அதனால் பொன்முடிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்கு அனுப்பப்பட்டவர். வீட்டில் யாராவது விசாரித்தால், "அவன் மலையில இருக்கான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஜெயிலில் இருக்கிறான் என்பதைப்போல அது காதில் விழும். பெரியவர்கள் நடுவில் சித்தப்பாவுக்குப் பேச்சே வராது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் வேர்த்துவிடும்.

எங்கள் அறைக்குள் வந்தால் அவர் வேறு மனிதர். கித்தான் பையை அவிழ்த்தால் உள்ளே முள்ளம்பன்றி முள் இருக்கும். என் கை நீளத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக ஒரு இறகு இருக்கும்.

"இது மலமுழக்கிக்க இறகு, இருவாச்சின்னும் சொல்லுவாவ. அது தலைக்கு மேல பறந்து போச்சுன்னா ரயில் வாறது மாதிரி சத்தம் கேக்கும். மேல பாத்தா பறவை. வேற ஒண்ணும் இல்ல."

"பொய்யி," என்றான் பெரியப்பா மகன்.

"நீ வந்து கேளு. திங்கக்கிழமை எல்லாரும் வாறீங்க. அண்ணன் பஸ்ஸு பேசியாச்சு."

அந்த வருஷம் அதுதான் விசேஷம். சாலைக் கடைத்தெருவில் பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் பஸ் இருந்தது. ஈஸ்டர் திங்கள் விடுமுறைக்கு அதைப் பேசி வைத்திருந்தார். குடும்பமே மலைக்குப் போய், சித்தப்பா சொல்லும் மிருகங்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. கருங்குரங்கு, மலையணில், வழியை மறித்து நிற்கும் காட்டுபோத்து என்கிற காட்டுமாடு, ஆனை. சனிக்கிழமை ராத்திரி முழுக்க எங்களுக்குத் தூக்கம் இல்லை. ஆனை வந்தால் யார் எந்த மரத்தில் ஏறுவது என்றுகூடப் பங்கிட்டுக்கொண்டோம்.

ஞாயிறு சாயங்காலம் பெரியப்பா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் செய்தித்தாள் சுருண்டிருந்தது. அது சுருண்டிருந்தால் நாங்கள் எழுந்து உட்கார வேண்டும்.

"நாளைக்கு நம்மகூட பாறசாலையிலேயிருந்து ஒரு வாத்தியாரும் அவருக்க மகளும் வாறாவ. அந்தப் பிள்ளையை உங்க சித்தப்பாவுக்குக் கேட்டிருக்கு. சம்மதம் சொல்லுமுன்னே இடத்தைப் பாக்கணும்னு வாத்தியார் சொல்லுதாரு. அதனால ஒரு காரியம் கேட்டுக்கிடுங்க." தாளால் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "அந்த மலையில மிருகம் கெடையாது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அப்போ எதைப் பாக்கப் போறோம்?" என்றான் அவர் மகன்.

"தேயிலை பாக்கப் போறோம்."

பெரியப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. மலை என்ற பேரைக் கேட்டே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதைச் சித்தப்பாவே கெடுத்தார். பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் வீட்டைப் பற்றி விசாரிக்க, "ராத்திரி ஆனை வந்து சமையல்கட்டுச் சுவத்துல முதுகு சொறியும்" என்று மனம் நிறைந்து சொல்லிவிட்டார். அவர்கள் அன்றைக்கே முகவரியை மறந்துவிட்டார்கள். இந்த வாத்தியார் வீட்டுக் காரியமும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று பெரியம்மா அழுதது எனக்கே தெரியும்.

திங்கட்கிழமை வெளுக்கும் நேரத்தில் பஸ் வந்தது. பெரிய டிபன் கேரியர்கள், தண்ணீர்க் கூஜா, முந்திரிக்கொத்து நிறைந்த பிஸ்கட் தகரம், பாய்கள், பெரியப்பாவின் சோலாத் தொப்பி எல்லாம் ஏறின. தம்பானூரில் வாத்தியாரும் மகளும் ஏறினார்கள். வாத்தியார் மெலிந்தவர். மடியில் குடையைக் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மகள் வெள்ளைச் சேலையில் நீலக் கரை போட்டு உடுத்தியிருந்தார். அவரை அக்கா என்று கூப்பிடும்படி எங்களுக்குச் சொன்னார்கள். பெரியம்மா அவரைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு என்னை ஜன்னலோரம் தள்ளினார். சித்தப்பா டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

நெடுமங்காடு தாண்டியதும் காற்று மாறியது. ரப்பர் மரமெல்லாம் புதுத் தளிர் விட்டு வெளிர்ப்பச்சையாக நின்றது. விதுரையில் டிரைவர் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கப்புறம் வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நாங்கள் மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து சிரித்தோம். வாத்தியார் மட்டும் வெளியே கூர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"மிருகங்கள் உபத்திரவம் உண்டோ, இந்தப் பக்கம்?" என்றார்.

"முயல்கூடக் கெடையாது," என்றார் பெரியப்பா.

சொல்லி வாய் மூடவில்லை. ரோட்டின் நடுவில் ஆனைப் பிண்டம் கிடந்தது. புதுச் சாணம். ஆவி பறந்தது. பஸ் அதை ஒதுங்கிப் போனது. பிள்ளைகள் எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டோம்.

"தடி இழுக்குற ஆனை," என்றார் பெரியப்பா. "மரம் வெட்டுற கூப்புக்குக் கொண்டு போவாங்க. நாட்டு ஆனை. ரொம்ப சாதுவாக்கும்."

கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஊப், ஊப் என்று பெருங்குரல் எழுந்து மலையில் மோதித் திரும்பியது. கருங்குரங்கு அப்படித்தான் கத்தும் என்று சித்தப்பா கன்னத்தை உப்பி எங்களுக்குக் கத்திக் காட்டியிருக்கிறார். வாத்தியார் நிமிர்ந்தார்.

"கூலிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுதாவ," என்றார் பெரியம்மா.

பிறகு தலைக்கு மேல் ரயில் வந்தது. உஸ், உஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு அகலமான ஏதோ ஒன்று பஸ்ஸின் மேலாகக் கடந்தது. நான் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பதற்குள் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

"டீ ஃபேக்டரி மெஷினு," என்றார் பெரியப்பா.

"இன்னைக்கு லீவு இல்லியா?" என்று கேட்டார் வாத்தியார்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். சித்தப்பாவின் காதுகள் பின்னாலிருந்து பார்க்கவே சிவந்திருந்தன. தன் மலையைத் தன் அண்ணன் ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அன்று எனக்கு அந்தப் பறவையைப் பார்க்க முடியாத ஆத்திரம் மட்டும்தான்.

சித்தப்பாவின் வீடு தகரக் கூரை போட்ட இரண்டு அறை. பின்னால் தேயிலைச் சரிவு. அதற்கும் கீழே பச்சையாக ஒரு சதுப்பு நிலம். அதைச் சுற்றிக் காடு. வீட்டைப் பெருக்கித் துடைத்து, மேஜையில் ஒரு டம்ளரில் காட்டுப் பூ வைத்திருந்தார். பெரியப்பா முன்னால் போய் வாத்தியாருக்குக் கிணறு, விறகுக்கொட்டகை, கதவுகளின் தாழ்ப்பாள் எல்லாம் காட்டினார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரியம் கூடிவிடும் என்று பெரியம்மா அம்மாவின் காதில் சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது இருந்த முகம் இல்லை. சாப்பிடும்போது கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். வரவர ஆர்வம் வடிந்துகொண்டே போனது. பெரியவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் பாயில் சாய்ந்தார்கள். பெரியம்மா சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடினார். அக்கா பின்வாசல் படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிள்ளே, உங்க சித்தப்பா உங்களுக்கு நெறைய கதை சொல்லுவாராமே. மலையில ஆனை உண்டு, போத்து உண்டுன்னு. அதெல்லாம் சும்மா சொன்னதா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"சம்பந்தம் பேசினவங்க சொன்னாங்க. ஏதோ ஒரு வீட்டுல ஆனைக் கதை சொல்லிப் பெண்ணு கெடைக்காமப் போச்சாமே." அவர் லேசாகச் சிரித்தார். "எங்க வீட்டுச் சுவத்துல அப்பாவுக்க பள்ளிக்கூடத்துப் படம் ஒண்ணு தொங்குது. எல்லா மிருகமும் இருக்கும். ஓரமெல்லாம் கிழிஞ்சு போச்சு. சின்னதுலேயிருந்து அதைத்தான் பாத்திருக்கேன். ஆனைக் கதையைக் கேட்டப்போதான் போய்ப் பாப்போம்னு நானே சொன்னேன். இங்க வந்தா, முயல்கூட இல்லேங்குதாவ. பின்ன எதுக்கு இம்மட்டு தூரம்?"

பெரியப்பாவின் சுருண்ட தாள் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"உண்டு," என்றேன். "எல்லாம் உண்டு. ரோட்டுல கெடந்தது காட்டானைப் பிண்டம். மேல பறந்தது மலமுழக்கி. சொல்லக்கூடாதுன்னு பெரியப்பா சொல்லியிருக்காரு. சொன்னா நீங்க பேடிச்சு, பயந்து போயிருவீங்களாம்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, விறகுக்கொட்டகைப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்த சித்தப்பாவை நோக்கி நேராக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பிள்ளை சொல்லிச்சு. உள்ளதா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வேர்த்தது.

"உள்ளதுதான்."

"பின்ன ஏன் காலையிலேயிருந்து வாயே தொறக்கல்ல?"

"அண்ணன் சொல்லச் சொன்னது அப்படி. எனக்காகத்தான் சொன்னாரு."

"எனக்குக் காட்ட முடியுமா?"

சித்தப்பா சூரியனைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இப்போ போத்து எறங்குற நேரந்தான். சத்தம் போடக்கூடாது. பிள்ளையும் வரட்டும்," என்றார்.

தேயிலைக்கு நடுவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சித்தப்பா முன்னால் போனார். நடுவில் நான். பின்னால் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். காலடியில் ஈரமண் வாசனை. ஒரு பாறைக்குப் பின்னால் சித்தப்பா எங்களைக் குந்தவைத்தார். காற்று எங்கள் முகத்துக்கு நேராக அடிக்கிறதா என்று ஒரு புல்லைக் கிள்ளி எறிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

காட்டின் ஓரத்தில் ஒரு நிழல் அசைந்தது. அது நிழல் இல்லை. தோள் புடைத்து, எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும் கறுப்பு உடம்பு ஒன்று வெயிலுக்குள் வந்து நின்றது. நாலு காலிலும் முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் பொன்னிறத்தில் ஒரு கன்று துள்ளிக்கொண்டு வந்து தாயின் வயிற்றில் முட்டியது. அவை புல்லைப் பிடுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. மாட்டுத் தொழுவத்தின் வாசனையும், அதோடு வேறு ஏதோ காட்டு வாசனையும் கலந்து வந்தது.

"கன்னுக்கு வேற நெறமா?" என்று அக்கா மூச்சோடு கேட்டார்.

"பொறந்து கொஞ்ச நாளுக்கு அப்படித்தான் இருக்கும். பொறவு கறுக்கும். இது மாசியில பொறந்தது. காலு நொண்டிக்கிட்டு இருந்துச்சு, பிழைக்காதுன்னு நெனச்சேன். இப்போ பாருங்க, எப்படி ஓடுதுன்னு."

சித்தப்பாவின் நாக்கு எங்கேயும் தட்டவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தக் காளை பெரியது, மழைக்காலத்தில் எங்கே போகும், ராத்திரி எங்கே படுக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. போத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னை இருவரும் மறந்துபோயிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நாங்கள் திரும்பிவந்தபோது பெரியம்மா எழுந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் சேலைக் கரையில் சேறு. "தேயிலை பாத்தீங்களா?" என்றார். "பாத்தோம்," என்றார் அக்கா.

வெயில் சாயும் நேரத்தில் கிளம்பினோம். சித்தப்பாவும் விதுரைவரை கூட வந்தார். தோட்டத்து எல்லை தாண்டி இரண்டாவது வளைவில் டிரைவர் பிரேக்கை அழுத்தி என்ஜினை நிறுத்தினார்.

"போத்தாணு. ஆரும் மிண்டருது," என்றார் மெதுவாக. யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம்.

ரோட்டுக்குக் குறுக்கே மூன்று நின்றன. நடுவில் நின்ற காளை பஸ்ஸின் மூக்கை உற்றுப் பார்த்தது. அதன் மூச்சு புஸ்ஸென்று கேட்டது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தைகூட அசையவில்லை.

"எஸ்டேட் மாடு," என்று பெரியம்மா முணுமுணுத்தார். காலையிலிருந்து சொல்லிப் பழகிய நாக்கு.

"எஸ்டேட் மாட்டுக்கு இந்தக் கொம்பா?" என்றார் வாத்தியார்.

சித்தப்பா எழுந்து திரும்பினார். பெரியப்பா அவர் முழங்கையைப் பிடித்தார். சித்தப்பா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"காட்டுபோத்துதான், வாத்தியாரே. ஆனையும் உண்டு. எப்பவாவது புலியும் வரும். வீட்டுப் பக்கம்கூட வந்திருக்கு. நான் பாத்திருக்கேன். காலையிலேயே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். இனி உங்க இஷ்டம்."

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

வாத்தியார் மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா, மக்களே?"

"எனக்குத் தெரியும், அப்பா. மத்தியானமே போய்ப் பாத்தேன்."

"பேடி இல்லியா உனக்கு?"

வெளியே காளை தலையை ஆட்டிக் காதுப் பூச்சியை விரட்டியது.

"உண்டு அப்பா. ஆனா இன்னொருக்கா பாக்கணும்னு இருக்கு."

போத்துகள் தங்களுக்குத் தோன்றிய நேரத்தில் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கிப் போயின. டிரைவர் இறங்கிக் கம்பியைச் சுழற்றினார். விதுரை வரைக்கும் வாத்தியார் குடையை நிமிர்த்திப் பிடித்து, அதன் கைப்பிடியில் மோவாயை வைத்தபடி வந்தார். காலையில் மிருகம் உண்டா என்று அவர் கேட்டதைப் பயம் என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கிழிந்த படத்தைக் காட்டி எத்தனையோ வருஷம் பாடம் சொன்ன மனிதர் அவர். பயந்து கேட்டாரா, ஆசைப்பட்டுக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

விதுரைச் சந்தையில் டீக்கடை முன் பஸ் நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். பெரியப்பா டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார். சித்தப்பா விலகிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நானும் அக்காவும் திரையைத் தூக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் வாத்தியாரிடம் டம்ளரை நீட்டி, எங்கே போய் வருகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். வாத்தியார் ஒரு மிடறு குடித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு வகுப்பில் நிற்பவர்போல் நிமிர்ந்து, குடையை நீட்டி மலையைக் காட்டினார்.

"முகளில. எஸ்டேட்டில். போத்து வழியில நின்னு. அஞ்செண்ணம். இத்ற வலிது." குடையும் கையுமாக எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தார். டீ சிந்தியது. "என்றெ மருமகன்றெ எஸ்டேட்டாணு."

பெரியப்பாவின் டம்ளர் அப்படியே நின்றது. கல்லில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, சரியாகக் கேட்டோமா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து நின்றார். பஸ்ஸுக்குள் பெரியம்மா, "மருமகன்னா சொன்னாரு, மருமகன்னா சொன்னாரு?" என்று ஒவ்வொருவரையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம், "அஞ்சு இல்ல, மூணுதானே நின்னுது?" என்றேன்.

அவர் என் தலையைத் தன் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "சும்மா இரி," என்றார். "அப்பா சொல்லிக்கிடட்டும்."